எதிர்த்தண்ணி

இந்திராணி வீடா? இதே வழிதான் மேடம், அந்தப் பச்சை கேட்டு. ஆனா இப்பப் போயி பிரயோசனம் இல்ல. பூட்டிக் கெடக்கு. நீங்க வர்றீங்கன்னு பிஸ்கட்டு வாங்க ஏழு மணி பஸ்ஸுல மன்னார்குடிக்குப் போயிருக்கா, புருசனையும் கூட்டிக்கிட்டு. ஒரு பிஸ்கட்டு பாக்கெட்டைத் தூக்க ரெண்டு பேரு எதுக்குன்னு நான் கேக்கல. எனக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்தை கெடையாது. பத்தரை பஸ்ஸுக்குத்தான் வருவா. மீன்வளத்துறை மேடம் பதினோரு மணிக்கு வருவாங்கன்னு ஊரே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. இப்படி ஒம்போதரைக்கே வந்து நின்னா எப்படி?

உக்காருங்க, உக்காருங்க. வண்டி அங்கயே நிக்கட்டும், யாரு தூக்கிக்கிட்டுப் போகப் போறா. இன்னிக்கி வெயிலும் இல்ல, விடிஞ்சதுலேருந்து ஒரே மூட்டம். மோர் குடிங்க. தொட்டுக்க மோர்மொளகா வறுத்து வச்சிருக்கேன், நானே போட்டது. எப்படி இருக்கு? ம்? ரெண்டு எடுத்துக்குங்க, காரம் கம்மிதான்.

குளத்தைப் பாக்கணுமா? குளம் எங்கம்மா ஓடிடப் போவுது. அதுல இருக்குறதுதான் ஓடும். மொதல்ல மோரைக் குடிங்க.

அந்தச் சத்தமா? எஞ்சின். நாத்தங்காலுக்குத் தண்ணி எறைக்கிறாரு எங்க வீட்டுக்காரரு. ரெண்டு எஞ்சின் சத்தம் மாதிரி கேக்குதா? காது நல்லா இருக்கு உங்களுக்கு. நாத்தங்கால் அந்தாண்டை இருக்கே, சத்தம் குளத்துப் பக்கம் கேக்குதேன்னா, காத்து அப்படி அடிக்குது மேடம். தை வரைக்கும் இங்க காத்து ஒரு மாதிரியாத்தான் அடிக்கும்.

அவளுக்குப் பொன்னாடை போத்தப் போறீங்களாமே? உழவர் விழாவுல, மேடையில ஏத்தி, மைக்குல பேரு சொல்லி, முன்னோடி மீன் வளர்ப்போர்னு. வட்டாரத்துலயே அவ குளத்துலதான் மீன் அடர்த்தியா இருக்காம், பொழப்பும் நல்லா இருக்காம், ஒரு மீனும் சாகலையாம். அதை எண்ணிப் பாத்துட்டுப் போகத்தான வந்திருக்கீங்க. நல்லது. எனக்குப் பொறாமை கெடையாது. ஊருல யாரை வேணா கேளுங்க, பவுனம்மா பொறாமைப்பட்டான்னு ஒருத்தரு சொல்லட்டும். என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அந்த மீனு யாரு வீட்டு மீனு?

அந்த நோட்டை மூடி வைங்க. மொதல்லேருந்து சொல்றேன், அப்பதான் வெளங்கும்.

எங்க மாமனாருக்கு ரெண்டு புள்ள. மூத்தவரு எங்க வீட்டுக்காரரு சிவப்பிரகாசம். இளையவரு கலியமூர்த்தி, அவரு பொண்டாட்டிதான் இந்திராணி. இருந்தது மூணு மா நெலம். அதை ரெண்டாப் பிரிக்கிறப்ப, வாய்க்கால் தண்ணி வந்து விழுகுற தலைப்பங்கு இளையவருக்குப் போயிடுச்சு. எங்களுக்கு அதுக்குக் கீழ. சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. சீட்டை எடுத்தது யாருன்னா... நான்தான் எடுத்தேன். அது இப்ப எதுக்கு.

அப்பறம் நெல்லு போடாம ரெண்டு வீட்டுலயும் குளம் வெட்டுனோம். மேல் குளம் அவளுது, கீழ்க் குளம் எங்களுது. மேல, கீழன்னதும் மலையைப் பாக்காதீங்க. ஒரு சாண் வித்தியாசம், அவ்வளவுதான். ஆத்துத் தண்ணி வாய்க்கால் வழியா அவ குளத்துல விழும். அங்கேருந்து நடுக்கரையில பொதைச்ச குழாய் வழியா எனக்கு வரும். ரெண்டடி அகலத்துல சிமெண்டுக் குழாய், தண்ணிக்குள்ளயே முங்கிக் கெடக்கும். ஒரு ஆளு தவழ்ந்து போயிடலாம். வாய்க்கால் வாயில ஒரு ஷட்டரு, நடுக்கரைக் குழாயில ஒரு ஷட்டரு. ரெண்டையும் தூக்கி எறக்க, கழட்டி மாட்டுற இரும்புக் கைப்பிடி. ஒரே ஒரு கைப்பிடி.

ஒண்ணு எதுக்குன்னு கேக்குறீங்கள்ல? எங்க மாமனாரு வேணும்னே பண்ணுனாரு. திங்கள், புதன், வெள்ளி எனக்கு முறை. மத்த நாளு அவளுக்கு. முறை மாறும்போது ரெண்டு மருமவளும் கரைக்கு வந்து கையில கைப்பிடியை மாத்திக்கணும். ஆம்பளைங்க கிட்டக் குடுத்து விடக் கூடாது. "சண்டை போட்டுக்குங்க, அது உங்க இஷ்டம். ஆனா வாரத்துக்கு ஆறு நாளு ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துத்தான் ஆவணும்"னுட்டாரு. சொல்லிட்டு மறுவருசம் போய்ச் சேந்துட்டாரு. மாட்டிக்கிட்டது நாங்க.

ஷட்டரைத் தூக்குனா ரெண்டு மணி நேரம் தண்ணி ஓடும். சும்மா எப்படி நிக்கிறது? கரையில உக்காந்துடுவோம். அவ மடியில வறுத்த கடலை கொண்டாருவா. ஊரு கதை பூரா அந்தக் கரையில ஓடும் மேடம். யாரு வீட்டுல யாரு வந்தா, எவ புதுப்பொடவையை எவகிட்ட மறைச்சா. சிரிச்சு சிரிச்சு ஷட்டரை எறக்க மறந்து கரை வழிஞ்ச நாளெல்லாம் உண்டு. பதினாலு வருசம். அது அப்ப.

இந்த வருசம் ஆனி கடைசியில குஞ்சு விட்டோம். ஒரே வண்டி, ஒரே நாளு. அவளுக்கு ரெண்டாயிரம், எனக்கு ரெண்டாயிரம். ரோகு, மிர்கால், கொஞ்சம் கட்லா. டிரம்முலேருந்து மொண்டு மொண்டு எண்ணி விட்டாங்க, நான் பக்கத்துலயே நின்னு எண்ணுனேன். இந்திராணி எண்ணல. "போவட்டும்க்கா, ஒண்ணு ரெண்டு கூடக் கொறைய இருந்தா என்ன"ன்னா. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். எண்ணாதவளை நம்பக் கூடாது.

ஆடி பூரா நல்லா இருந்துச்சு. ஆவணியிலதான் வில்லங்கம். எனக்குத் தண்ணி சரியா வரல. ஷட்டரைத் தலைக்கு மேல தூக்கியும் வாய் கொப்புளிச்ச மாதிரி வருது. அவ குளத்துல தளதளன்னு நிக்குது, எனக்கு மட்டும் வரலன்னா என்ன நெனைப்பீங்க? கீழ என்னமோ அடைச்சு வச்சிருக்கா பாவின்னு எறங்கித் தடவிப் பாத்தேன். பாத்தா, என் பக்கத்துக் குழாய் வாயில அந்த வலைத்தட்டி. மரச்சட்டம் அடிச்சு, வலை இழுத்துக் கட்டி, உங்களுக்கு முன்னாடி இருந்த சாரு, அந்தக் கண்ணாடி போட்டவரு, அவரு மாட்டி விட்டது. அதுல ஆகாயத்தாமரை வேரும் எலையும் பாசியும் அப்பி, கதவு மாதிரி நிக்குது. அப்பறம் தண்ணி எப்படி வரும்?

எடுத்துட்டேன்.

அய்யோ, மோர் சிந்துது பாருங்க. என்ன மேடம், பொரையேறிடுச்சா? தலையில தட்டிக்குங்க.

"கழட்டவே கூடாதும்மா, தெனம் அலசி விட்டா போதும்"னு அந்த சாரு சொன்னாருதான். நான் எங்க கழட்டுனேன்? எடுத்து வச்சேன். தெனம் தண்ணியில எறங்கி அலசிக்கிட்டு இருக்க எனக்கு வேற சோலி இல்லையா? எடுத்து அலசிப் பாத்தேன், நல்ல வலை, கொசுகூடப் போவாது. வீணாக்க மனசு வரல. மொட்டை மாடியில ரெண்டு செங்கல்லை வச்சு மேல போட்டேன். மொளகா காயப் போட அதைவிட ஒசந்தது கெடையாது மேடம், அடியிலயும் காத்து போவுது. நீங்க இப்பக் கடிச்சீங்களே, அது அதுல காஞ்சதுதான். இப்பக்கூட மாடியில ரெண்டாவது ஈடு கெடக்கு.

என்ன ஒரு மாதிரி பாக்குறீங்க? தண்ணி அன்னிக்கிலேருந்து கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. அதைச் சொல்லுங்க.

வந்த வெனையைக் கேளுங்க. அடுத்த பத்து நாளுல என் குளத்துல மீனு தீனிக்கு வரல. சாக்குல ஓட்டை போட்டு தவிடும் கடலைப் புண்ணாக்கும் கட்டித் தொங்க விடுவோம்ல, மீனு வந்து முட்டி முட்டித் திங்கும், சாயங்காலத்துக்குள்ள சாக்கு சப்பையாயிடும். அந்தச் சாக்கு மறுநாளும் அப்படியே கர்ப்பிணி மாதிரி தொங்குது. நீர்க்காக்கா தின்னுடுச்சுன்னு நெனைச்சேன். இவரை ஒரு தட்டும் கரண்டியும் குடுத்துக் கரையில உக்கார வச்சு எட்டு நாளு தட்டச் சொன்னேன். தட்டுதான் நசுங்குச்சு. நீர்நாயா இருக்கும்னு முள்ளு வெட்டிப் போட்டேன், அதுல இவரு காலுதான் கிழிஞ்சுது. திருஷ்டிப் பூசணி கட்டுனேன். பூசணி அழுகி என் தலையிலயே விழுந்துச்சு.

அப்பதான் அவ குளத்தைப் பாத்தேன். அம்மாடி! அவ தவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தா போதும், தண்ணி கொதிக்கிற மாதிரி மீனு குமியுது. அவ தீனி போடுறதே ஒரு தினுசா இருக்கும் மேடம். "வாங்கடி என் கண்ணுங்களா, வாங்கடி என் ராசாத்திங்களா"ன்னு ஒரு இழுப்பு இழுப்பா. நான் போடுறப்ப "தின்னு தொலைங்க"ம்பேன். அது என் சுபாவம், அதுக்குப் பாசம் இல்லன்னு ஆயிடுமா? மீனுக்கு வசியம் வச்சுட்டான்னு எனக்கு அப்பவே பட்டுச்சு.

எங்க வீட்டுக்காரரு வாயைத் தொறக்குறதே அபூர்வம். அவரு சொல்றாரு, "பவுனு, மீனு எதிர்த்தண்ணியில ஏறும். புதுத்தண்ணி எங்கேருந்து வருதோ அங்க போவும். தட்டி இல்லாததாலதான்..." அதுக்கு மேல நான் பேச விடல. எங்கப்பா வீட்டுல ஆறே ஓடுச்சு, எனக்குத் தெரியாத எதிர்த்தண்ணியா?

சண்டை எப்படி வந்துச்சுன்னா, கைப்பிடி மாத்துற எடத்துலதான். நான் நேராவே கேட்டேன். "இந்திராணி, உன் குளத்துல வலையப் போட்டு எண்ணு. ரெண்டாயிரத்துக்கு மேல எம்புட்டு இருக்கோ அம்புட்டும் என்னுது, அள்ளிக் குடுத்துடு"ன்னேன். அவ சிரிச்சா. "எண்ணலாம்க்கா. எண்ணிட்டு, உன்னுது எதுன்னு நீயே கூப்பிட்டுப் பாரு. உன் கொரலுக்கு எது வருதோ அதைப் புடிச்சுக்க"ங்கிறா. நாத்து நட வந்த பொம்பளைங்க அம்புட்டு பேரும் வரப்புல நின்னு சிரிக்கிறாளுவ. எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு.

கூப்பிட்டேன் மேடம். கரையில நின்னு, "வாங்கடி"ன்னு கூப்பிட்டேன்.

ஒண்ணும் வரல.

சிரிக்காதீங்க. அன்னிக்கிலேருந்து பேச்சு இல்ல. ரெண்டு மாசம் ஆச்சு. கைப்பிடியைக் கையில குடுக்குறதும் இல்ல. அவ கரையில வைப்பா, முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பா. நான் எடுப்பேன், என் முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பேன். ரெண்டு மணி நேரம். கால் கடுக்கும், வாய் அதைவிடக் கடுக்கும். எத்தனை கதை சேந்து போச்சு தெரியுமா என்கிட்ட? மேலத்தெரு பொண்ணு கல்யாணத்தன்னிக்கி மாப்பிள்ளை செருப்பைப் போட்டுக்கிட்டே மணவறையில உக்காந்துட்டான், அதைக்கூட யாருகிட்டயும் சொல்ல முடியல. இவருகிட்டச் சொன்னா, "என்ன செருப்பு?"ங்கிறாரு. இந்த ஆளுகிட்ட என்னத்தைப் பேசுறது?

கொழம்பு மட்டும் வரும். அது நிக்கல. ஞாயித்துக்கெழமை ஆனா கொழுந்தனாருகிட்டக் கிண்ணியில குடுத்து விடுவா. எனக்கு வேணாம்னுதான் சொல்லுவேன். உப்பு ஒரு கல்லு கம்மியா இருக்கும், எப்பவுமே அவ கை அப்படித்தான். கிண்ணியை வழிச்சுத் தின்னுட்டுத்தான் சொல்றேன், நல்லாவே இல்ல. கிண்ணியைச் சும்மா திருப்பிக் குடுக்கக் கூடாதேன்னு மோர்மொளகா போட்டு அனுப்புவேன். அது மரியாதைக்கு. அதைப் பேச்சுன்னு எடுத்துக்கக் கூடாது.

அப்பறம் ஒருநா புதன்கெழமை. அவ முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறா, நான் தண்ணியையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். தண்ணி அங்கேருந்து கொட்டுது. பாத்தா, என் மீனு, மேடம், என் மிர்காலு, ரேசன் கடையில நிக்கிற மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு, குழாய்க்குள்ள நொழையுது! வாலை ஆட்டிக்கிட்டு, எனக்கு டாட்டா காட்டிக்கிட்டு. கொட்டுற தண்ணியை எதிர்த்துக்கிட்டு அவ வீட்டுக்குப் போவுது. கூப்பாடு போடணும்னு வாயைத் தொறந்தேன். பேச்சுதான் இல்லையே, மூடிக்கிட்டேன்.

ஆனா அன்னிக்கி ஒரு வெவரம் புடிபட்டுச்சு. தண்ணி எந்தப் பக்கத்துலேருந்து வருதோ அந்தப் பக்கம் மீனு போவுது. யாரு சொல்லியும் இல்ல, நானே கண்டுபுடிச்சது. அப்ப, தண்ணி என் குளத்துலேருந்து அவ குளத்துக்குப் போனா?

ஆங்! உங்க கண்ணு இப்பதான் பெரிசாவுது. படிச்ச புள்ள, டக்குனு புடிச்சுக்கிட்டீங்க.

சரி, சொல்லிடுறேன். நாத்தங்காலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏழு மணி பஸ்ஸு அவங்களை ஏத்திக்கிட்டுத் திரும்புன ஒடனே ரெண்டு எஞ்சினைக் கரையில ஏத்தியாச்சு. ஒண்ணு எங்களுது, ஒண்ணு எரவல். அவ குளத்துத் தண்ணியை உறிஞ்சி என் குளத்துல கொட்டுறது. ஒரு சாண்தான வித்தியாசம்? ஒம்போது மணிக்கெல்லாம் என் குளம் மேல, அவ குளம் கீழ. அப்பறம் குழாய் ஷட்டரை நானே போயித் தூக்கி விட்டேன். இன்னிக்கிப் புதன், என் முறை, கைப்பிடி என் இடுப்புலதான் இருக்கு. தண்ணி இங்கேருந்து அங்க போவுது. மீனு அங்கேருந்து இங்க வருது. நீங்க பதினோரு மணிக்கு அவ குளத்துல வலை போட்டா தவளைதான் இருக்கணும். அதுக்குள்ள நீங்க ஒம்போதரைக்கே வந்துட்டீங்க. அதான் மோரு.

திருட்டா? என் மீனை நான் கூப்பிடுறது திருட்டா?

அவ மீனும் சேந்து வருமேன்னா, வரட்டும். மீனு மேல பேரா எழுதியிருக்கு? கூப்பிட்டு எது வருதோ புடிச்சுக்கன்னு அவ சொன்னதுதான்.

வந்த ஒடனே ஷட்டரை எறக்கிடுவேன். அப்பறம் அந்த வலைத்தட்டியைத் திரும்ப வாயில மாட்டிட்டா, ஒரு குஞ்சு வெளிய போவாது. அட, அப்ப அது இல்லாததாலதான் மொதல்ல போச்சான்னு கேக்காதீங்க. அது வேற, இது வேற.

இருங்க, எந்திரிக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு துண்டை ஆட்டுனா வந்துடுச்சுன்னு அர்த்தம். அந்தா ஆட்டுறாரு பாருங்க! வந்துடுச்சு! அய்யோ, ரெண்டு கையாலயும் ஆட்டுறாரே, அம்புட்டும் வந்துடுச்சு போலருக்கே! வாங்க மேடம், வாங்க, நீங்களே வந்து எண்ணுங்க. பாத்து வாங்க, வரப்பு வழுக்கும்.

என்னங்க? ஏன் இப்படிக் கத்துறீங்க? எது... என்னது மேல வந்து வாயைப் பொளக்குது?

அய்யய்யோ.

மேடம், இது என்ன மேடம்? ஏன் எல்லாம் தலையைத் தூக்கிக்கிட்டு நிக்குது? குளம் பூரா வாயா இருக்கே. தண்ணி ஏன் இப்படிக் கருப்பா... ஆமா, அழுகின முட்டை வாடைதான். எங்க மேடம், எனக்குத் தெரியாதே. உறிஞ்சுற குழாயை நல்லா ஆழத்துல போடுங்கன்னு நான்தான் சொன்னேன், சீக்கிரம் எறையட்டும்னு. அடிச்சேறு பூரா இங்க வந்துடுச்சா? மூட்டத்துல மீனுக்கு மூச்சே கம்மியா? அதுல ஒரு குளத்துல ரெண்டு குளத்து மீனா? சாவுமா மேடம்? நாலாயிரமும் சாவுமா? எம்புட்டு நேரம் தாங்கும்?

அரை மணியா!

என்னங்க நிக்கிறீங்க, எஞ்சினை அமத்துங்க! நான் சாவணும்னு நெனைக்கல மேடம். சத்தியமா நெனைக்கல. மைக்குல அவ பேரைச் சொல்லக் கூடாதுன்னுதான் நெனைச்சேன். தோ, அந்த மீனைப் பாருங்க, என்னையே பாக்குது. அது என்னுதா அவளுதான்னுகூட எனக்குத் தெரியல.

யாரு ஓடியாறது? பஸ்ஸு வந்துடுச்சா? இந்திராணி! பிஸ்கட்டுப் பையை வரப்புல வீசிட்டு ஓடியாறா பாருங்க, விழுந்து கிழுந்து தொலைக்கப் போறா. கொழுந்தனாரு பின்னால வர்றாரு. இப்ப என்னைக் கேக்கப் போறா. என்னத்தைச் சொல்லுவேன்? மேடம், நீங்க ஏதாவது சொல்லுங்களேன், எஞ்சினு தானா ஓடுச்சுன்னு சொல்லுங்களேன்.

என்னடி? என்ன கையை நீட்டுற?

"அக்கா, கைப்பிடி."

கேட்டீங்களா மேடம்? அக்கான்னா. ரெண்டு மாசம் கழிச்சு. திட்டல. எஞ்சினைப் பாத்தா, குளத்தைப் பாத்தா, என்னைப் பாத்தா, அவளுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு, அவ ஒண்ணும் மக்கு இல்ல. ஆனா திட்டல. இந்தாடி. கரையில எதுக்கு வைக்கணும், கையிலயே வாங்கிக்க. வேர்வையா இருக்கு, நழுவ விட்டுடாத. ஓடு, வாய்க்கால் ஷட்டரைத் தூக்கு. முழுசாத் தூக்கு! என் முறைடி இது, நான் சொல்றேன், முழுசாத் தூக்கு!

மாரியாத்தா, இந்த ஒரு தடவை.

வருது. மேடம், வாய்க்கால் தண்ணி அவ குளத்துல விழுது, செகப்பா, நொரையோட. அந்தா, ஏறுது பாருங்க. கொஞ்சம் பொறுங்க, அங்க நெறஞ்சாத்தான் குழாய் வழியா இங்க வரும். உங்களுக்குத் தெரியாததா, நான் ஏன் சொல்றேன். வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.

வந்துடுச்சு. குழாயில சுழிக்குது பாருங்க.

அந்தா... அந்தா ஒண்ணு திரும்புச்சு. மூஞ்சிய அந்தப் பக்கம் வச்சுடுச்சு. ரெண்டு. அய்யோ, பத்து. தலையைக் கீழ எறக்கிடுச்சுங்க, வாயைப் பொளக்கல. ரேசன் கடை வரிசை போட்டுடுச்சு மேடம். போவுது. எல்லாம் அவ குளத்துக்கே போவுது.

செத்தது எத்தனை? நாலா? அந்த நாலு என்னுதுன்னே வச்சுக்குங்க.

என்னடி கத்துற அங்கேருந்து? "பாதி வந்துடுச்சுக்கா, போதும், தட்டியை மாட்டு, மிச்சம் உன் குளத்துலயே நிக்கட்டும்"ங்கிறாளா? பாத்தீங்களா மேடம், இப்பவும் எண்ணாமயே பாதிங்கிறா. கண்ணாலயே பாகம் பிரிக்கிறா. அவ எப்பவும் இப்படித்தான். எண்ணத் தெரியாது.

மேடம், நீங்க எங்க ஓடுறீங்க? மாடிக்கா? வேணாம், நில்லுங்க. அந்தத் தட்டியை எடுக்காதீங்க. நில்லுங்கன்னா நில்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவட்டும். நோட்டை எடுத்து அவ பேரையே எழுதிக்குங்க. இந்திராணின்னு நல்லாப் பெரிசா எழுதுங்க. மைக்குல சொல்றப்ப நான் மொத வரிசையில உக்காந்து கை தட்டுறேனா இல்லையான்னு பாருங்க.

இந்திராணி! அடியே, அங்கயே நிக்காத, இந்தக் கரைக்கு வா, தண்ணி ஓட இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மேலத்தெரு கல்யாணத்துல அந்த மாப்பிள்ளை பண்ணுன கூத்து இருக்கே...

தட்டியா? தட்டி இப்பத் தர முடியாதுடி. மொளகா இன்னும் ஒரு வெயில் காயணும்.